தாம்பாளம் போட்ட ரிப்பீட்டர்

புதுச் சாமானில் ரிப்பீட்டர் வைப்பவனுக்குக் காசு இருந்தால் போதும். பழைய சாமானில் வைப்பவனுக்கு, பார்க்கிறவர்கள் எல்லாம் ‘இவனுக்கு என்ன ஆச்சு?’ என்று கேட்டாலும் சிரித்துக்கொண்டே நிற்கும் முகம் வேண்டும். எனக்கு அந்த முகம் பிறவியிலேயே அமைந்துவிட்டது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மற்ற நேரத்தில் ஹாம். அதாவது, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சம்பளம் இல்லாமல் வயர்லெஸ்ஸில் பேசுகிற கூட்டத்தில் ஒருவன். இதைப் படிப்பவர்களில் என் இனத்தார் யாராவது இருந்தால், வீட்டில் எந்தக் கட்டிலுக்கு அடியில் எந்தப் பெட்டியை ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பயப்படாதீர்கள், சொல்ல மாட்டேன்.

இரண்டு லைசென்ஸ்

என் தங்கை வளர்மதியைச் சிதம்பரத்தில் கொடுத்திருக்கிறோம். வாய்க்காலோரம் வீடு. அவள் கணவர் செல்வமணி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என்னோடு பழகிய தோஷத்தில் அவரும் ஹாம் ஆகிவிட்டார். போன புயலில் கரண்டும் போனும் ஒரே நேரத்தில் செத்தன. அவர் கையிலும் வயர்லெஸ் கைச்செட், என் கையிலும் கைச்செட். நான் மொட்டை மாடியில் நனைந்துகொண்டே கத்தினேன். அவரும் அங்கே கத்தியிருக்கிறார். கைச்செட்டின் சத்து அவ்வளவு தூரத்துக்குப் போதாது. எனக்குக் கேட்டது வெறும் இரைச்சல். ரோடு திறந்த பிறகு அடித்துப் பிடித்துக்கொண்டு போனால், குழந்தையைப் பரண்மேல் உட்கார வைத்துவிட்டு, வளர்மதி முட்டியளவுத் தண்ணீரில் மிதக்கிற பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும் நான் என்னென்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

அன்றைக்கே மாப்பிள்ளையும் நானும் முடிவு செய்தோம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், உயரமான இடத்தில், அடுத்த மழைக்குள் ஒரு ரிப்பீட்டர் வைத்தே தீருவது. ரிப்பீட்டர் வேறொன்றும் இல்லை. ஒரு பெட்டி. ஒரு பக்கத்துக் கைச்செட் மெல்லச் சொன்னதைக் காதில் வாங்கி, அதே நொடியில் உரக்கச் சொல்லும். அடுத்த ஊருக்குக் கேட்கும். புதிதாக வாங்க வசதி இல்லை, பழைய சாமானில் செய்துவிடலாம் என்று நாங்கள் திட்டம் பேசிக்கொண்டிருந்தபோது, வளர்மதி சேறு படிந்த குக்கரைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “ரெண்டு பேரு கிட்டயும் லைசென்சு இருக்கு. ரெண்டையும் வெயில்ல காய வைங்க, நனஞ்சிருக்கும்.”

கார் இல்லாத டாக்சி

முதல் வேட்டை வயர்லெஸ் செட்டுக்கு. ரிப்பீட்டருக்கு இரண்டு வேண்டும், கேட்க ஒன்று, பேச ஒன்று. கடலூர் முதுநகரில் ஞானப்பிரகாசம் என்பவர் ஒரு காலத்தில் கால் டாக்சி நடத்தினார். எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகு, காரில் இருந்த செட்டுகளைக் கழற்றிக் கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார். நானும் மாப்பிள்ளையும் போய், கோழி எச்சத்தைத் துடைத்து, பேட்டரி கொடுத்துப் பார்த்தோம். விளக்கு எரிந்தது. எங்கள் முகத்திலும் எரிந்தது. ஞானப்பிரகாசத்துக்கு எங்கள் சந்தோஷத்தைப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிட்டது. எந்த ரூட்டில் வண்டி விடப் போகிறோம் என்று விசாரித்தார். வண்டி இல்லை, மாடியில் வைக்கப் போகிறோம் என்றேன். மாடியில் உட்கார்ந்து யார் பேசுவார்கள் என்றார். யாரும் பேச மாட்டார்கள், அதுவே பேசும் என்றேன். எனக்கே அது சரியாகப் படவில்லை.

மாப்பிள்ளை வாத்தியார் அல்லவா, ஒரு குச்சியை எடுத்து மண்ணில் படம் போட்டு விளக்க ஆரம்பித்தார். டாக்சியில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஓய்ந்துவிடும் செட்டு, ரிப்பீட்டரில் ஓயாமல் பேச வேண்டியிருக்கும், சூடேறும், அதனால் அதன் முதுகில் பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைக் கட்ட வேண்டும் என்பது வரைக்கும் வந்துவிட்டார். ஒரு கோழி வந்து படத்தைக் கலைத்தது. ஞானப்பிரகாசம் செட்டுகளைச் சாக்கில் போட்டு என் கையில் கொடுத்தார். முகத்தில் அப்படி ஒரு பரிதாபம். “கர்த்தர் உங்களுக்கு வழி காட்டட்டும் சார். காரு இல்லாம டாக்சி ஓட்டப் போறீங்க, ஃபேன் மட்டும் மறக்காம போடுறீங்க.”

குடிகாட்டுப் பழைய இரும்பு

அடுத்தது டூப்ளெக்ஸர். பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரிப்பீட்டருக்கு ஒரே ஆன்டெனாதான். கேட்பதும் அதில்தான், பேசுவதும் அதில்தான். தன் குரல் தன் காதிலேயே விழுந்துவிடாமல் நடுவில் நின்று தடுக்கிற சாமான்தான் டூப்ளெக்ஸர். பார்க்க நான்கு உயரமான உலோக டப்பாக்கள். ஒவ்வொன்றின் மூடியிலிருந்தும் உள்ளே ஒரு கம்பி தொங்கும். மேலே ஒரு திருகு. அந்தத் திருகை மயிரிழை நகர்த்தினால் எல்லாம் சரியாகும், அல்லது எல்லாம் கெடும். கடலூரை ஒட்டிய குடிகாட்டுப் பக்கம் பழைய இரும்பு வியாபாரம் பண்ணுகிற கபீர் பாயிடம் அப்படி ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மூடிப்போன ஏதோ கம்பெனியின் வயர்லெஸ் அறையிலிருந்து வந்ததாம். கபீர் பாய் அதை கேஸ் வடிகட்டி என்று நினைத்து வால்வுகளோடு போட்டு வைத்திருந்தார்.

நான் குனிந்தேன். தட்டினேன். காதை வைத்தேன். டார்ச் அடித்து ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். மூன்றுக்கு மூடி இருந்தது. நாலாவது மொட்டையாக நின்றது. மூடி எங்கே என்றால், பித்தளை நல்ல கனம், சுலபமாகக் கழன்றது அது ஒன்றுதான், அதைக் கழற்றி அன்றைக்கே எடைக்குப் போட்டுவிட்டாராம். கம்பி மட்டும் டப்பாவுக்குள் கிடந்தது. அந்த மூடியை யாரிடம் போட்டீர்கள், திரும்பக் கிடைக்குமா என்று கெஞ்சினேன். இத்தனை வருஷத்தில் விற்ற சாமானைத் தேடி யாரும் அழுததில்லை போலிருக்கிறது, பாய் குழம்பிப்போய்த் தலைத் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார். “அல்லா மேல ஆணையா சொல்றேன் சார், இத வாங்க வர்றவங்க கனத்தப் பாப்பாங்க. ஜாஸ்தி போனா ஓட்டை இருக்கான்னு பாப்பாங்க. நீங்க என்னமோ உள்ள சொந்தக்காரரு யாரோ மாட்டிகிட்ட மாதிரி பாக்குறீங்க.”

சும்மா கிடந்த சாமான்

மூடி இல்லாமல் டப்பா டப்பாவே இல்லை. நான் கடலூர் முழுக்கப் பித்தளைத் தகடு தேடி அலைந்தேன். ஒரு வாரத்தில் மாப்பிள்ளை செய்தித்தாளில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து கடை மேஜையில் வைத்தார். பிரித்தால், அச்சில் வார்த்த மாதிரி அளவெடுத்தாற்போல ஒரு வட்டத் தகடு. நடுவில் திருகுக்கு ஓட்டைகூடப் போட்டாயிற்று. “எங்க கெடச்சிது மாப்ள?” என்றேன். “வீட்டுல சும்மாதான் கெடந்துச்சி மச்சான்” என்றார். விளிம்பில் மெல்லிய கொடி வேலைப்பாடு. மடிப்பில் குங்குமக் கறை. வளர்மதி கல்யாணத்துக்கு நாங்கள் சீரில் வைத்துக் கொடுத்த ஆரத்தித் தாம்பாளம் அது. கடையில் பேரம் பேசி வாங்கியவனே நான்தான்.

பார்த்த நொடியில் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீடுகளில் பெண் கொடுத்த இடத்தில் மாப்பிள்ளையைப் பார்த்து ‘இது ஏன் எடுத்தீங்க?’ என்று கேட்கிற வழக்கம் கிடையாது. அவரும் என்னிடம் ‘மச்சான், நீங்க சொல்றது தப்பு’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. இருவருக்கும் மரியாதை ரொம்ப ஜாஸ்தி. இந்த மரியாதை எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறது என்பது அப்போது தெரியாது. தாம்பாளத்தில் அந்தக் கம்பியை மாட்டி, டப்பாவின் தலையில் வைத்து இறுக்கினோம். கிரீடம் மாதிரி உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. எடுத்ததும் வளர்மதி ஹலோகூடச் சொல்லவில்லை. “வேலைக்கு ஆவாத சாமான்ல ரேடியோ செய்யுறோம்னு சொன்னியே அண்ணே, என் தாம்பாளம் எப்பலேர்ந்து வேலைக்கு ஆவாத சாமான் ஆச்சி?”

எல்லைச் செக்போஸ்ட்

டூப்ளெக்ஸரைச் சரியாகத் திருகி வைக்க அளக்கும் கருவி வேண்டும். புதுச்சேரியில் ஒரு ஹாம் நண்பரிடம் இருந்தது. டப்பாக்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய், அளந்து, திருகி, அந்தக் கருவியையும் இரவல் வாங்கிக்கொண்டு திரும்பினேன். புதுச்சேரியிலிருந்து கடலூர் வருகிற எந்த வண்டியையும் எல்லைச் செக்போஸ்ட்டில் எதற்காக நிறுத்துவார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதிலும் நான்கு டப்பாக்களைப் பெட்ஷீட்டில் சுற்றி, குழந்தையைப் போலக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருத்தன் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தால் நிறுத்தாமல் விடுவார்களா?

போலீஸ்காரர் ஒவ்வொரு டப்பாவாக மோந்து பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். நான் “ஆட்டாதீங்க சார், திருகு நகந்துடும்” என்று அலறியதில் அவருக்கு நம்பிக்கை கூடிவிட்டது. உள்ளே கட்டாயம் ஏதோ இருக்கிறது என்று இன்னொருவரையும் கூப்பிட்டார். அவர் தாம்பாளத்தைத் தடவி, விரலில் ஒட்டிய குங்குமத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். சாமி சாமானா என்று கேட்டார். இல்லை, ரேடியோ என்றேன். ரேடியோ என்றால் பாட்டு வருமா என்றார். வராது என்றேன். லைசென்ஸை எடுத்து நீட்டினேன். இருவரும் படித்தார்கள். படித்த பிறகுதான் அவர்கள் குழப்பம் முழுதானது. முதலாமவர் கையைக் காட்டி வண்டியைப் போகச் சொன்னார். “குடிக்கிற சாமானும் இல்ல, விக்கிற சாமானும் இல்ல, கும்புடுற சாமானும் இல்ல. இதுக்குப் போயி ஏன் சார் திருடன் மாதிரி முழிக்கிறீங்க?”

நாலு கோடு

இடம் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். இரண்டு ஊருக்கும் நடுவில், ரோட்டோரமாக, கலியமூர்த்தி என்பவரின் மூன்று மாடிக் கல்யாண மண்டபம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சின்ன அறை. புயலில் ஊருக்கு உபயோகப்படும் என்றதும் சும்மாவே கொடுத்தார். மாடிச் சாவி எனக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று. ரிப்பீட்டருக்கான அனுமதிக் காகிதங்களும் ஒருவழியாக வந்து சேர்ந்தன. கைப்பிடிச் சுவரில் குழாயை நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினோம். ஒரு ஆஸ்பத்திரியின் யு.பி.எஸ்ஸிலிருந்து கழித்த பேட்டரிகளில் உயிர் இருந்ததைப் பொறுக்கி எடுத்து அடுக்கினேன். என் தொழில் இந்த ஒரு இடத்தில்தான் எனக்கு உதவியது.

குழாய் ஏறியதுமே தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. செல்போன் டவர் வந்துவிட்டது, சிட்டுக்குருவி எல்லாம் செத்துவிடும் என்று ஒரு கட்சி. டவர் வந்தால் நல்லது, நெட் கிடைக்கும் என்று இன்னொரு கட்சி. இது டவரே இல்லை, செல்போனுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது என்று நாங்கள் இரண்டு கட்சியிடமும் சொன்னோம். இரண்டும் நம்பவில்லை. இத்தனைக்கும் அன்றைக்குப் பெட்டிக்குக் கரண்டே கொடுக்கவில்லை. குழாயும் ஆன்டெனாவும் மட்டும்தான் நின்றன. கலியமூர்த்தி மாடியேறி வந்து, போனை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டி, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். “நீங்க கம்பிய நட்டதுலேர்ந்து எனக்கு நாலு கோடு காட்டுது சார். பொண்ணு துபாய்லேர்ந்து பேசுனது பக்கத்து ரூம்ல பேசுன மாதிரி இருந்துச்சி, நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமைக் கோளாறு

ரிப்பீட்டர் பேச ஆரம்பித்தது. காலையில் கடை திறக்குமுன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுவேன். சிதம்பரத்திலிருந்து மாப்பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டே பதில் சொல்வார். தெள்ளத் தெளிவாக இருக்கும். திங்கள் முதல் சனி வரைக்கும் குறையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மட்டும் கெட்டுப்போயிருக்கும். டூப்ளெக்ஸர் இடம் மாறினால் ரிப்பீட்டர் தன் குரலைத் தானே கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லி, சொன்னதை மறுபடி கேட்டு, ‘கர்ர்ர்’ என்று இழுத்துக்கொண்டே கிடக்கும். சிதம்பரம் கத்தினாலும் காதில் ஏறாது. நான் பஸ் பிடித்துப் போய், தாம்பாளம் போட்ட அந்த நாலாவது டப்பாவின் திருகைக் கொஞ்சம் நகர்த்துவேன். உடனே சரியாகிவிடும். அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே கதை. கடவுளே, கிழமை பார்த்துக் கெடுகிற மெஷினை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

சனிக்கிழமை மண்டபத்தில் விசேஷம் இருந்தால் சீரியல் விளக்கு எரியும், அதனால் இருக்கும் என்று நினைத்தேன். விசேஷம் இல்லாத சனிக்கிழமைக்குப் பிறகும் கெட்டது. வயரை மாற்றினேன். ஃபேனை மாற்றினேன். ஆன்டெனாவை இறக்கி மறுபடி ஏற்றினேன். மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லவில்லை. அந்த டப்பாவுக்குத் தாம்பாளத்தைக் கொண்டுவந்தவர் அவர். குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. கிழக்கே மேகம் கட்டுகிற ஒவ்வொரு முறையும், பரண்மேல் உட்கார்ந்திருந்த குழந்தை ஞாபகத்துக்கு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கலியமூர்த்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “செவ்வா நல்லா இருக்குது, வெள்ளி நல்லா இருக்குது, சனி தாண்டுனாதான் படுக்குதுன்னா இது கரண்டு சமாச்சாரம் இல்ல சார். திருநள்ளாறுக்கு ஒரு நட போயிட்டு வாங்க, போம்போது அந்தப் பொட்டியோட போட்டோவையும் எடுத்துகிட்டுப் போங்க.”

சொல்லாதே

திருநள்ளாறுக்கு நான் பஸ் நேரம்கூட விசாரித்துவிட்டேன். அந்தச் சமயத்தில் தீபாவளித் துணி எடுக்க வளர்மதியும் மாப்பிள்ளையும் கடலூர் வந்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். “ரிப்பீட்டர் எப்பிடி இருக்கு மாப்ள?” என்றேன். “நல்லா இருக்கு மச்சான்” என்றார். “எனக்கும் நல்லாதான் கேக்குது” என்றேன். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தோம். வளர்மதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காப்பி டம்ளரைத் தரையில் வைத்தாள்.

விஷயம் இதுதான். நான் ஒவ்வொரு ஞாயிறும் போய்த் திருகிவிட்டு வந்ததை வளர்மதியிடம் மட்டும் சொல்லி, “மாப்ள மனசு சங்கடப்படும், அவரு கிட்ட சொல்லாத” என்று சத்தியம் வாங்கியிருந்தேன். காலைப் பேச்சு போக, மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு வேளையிலும் காது கொடுத்துக் கேட்பார். மத்தியானம் ஆனால் ரிப்பீட்டர் ‘கர்ர்ர்’ என்று இழுத்திருக்கிறது. சனிக்கிழமை அரை நாள் லீவில் மண்டபத்துக்குப் போய், அதே நாலாவது திருகை எதிர்ப்பக்கம் நகர்த்திச் சரி செய்துவிட்டு வந்திருக்கிறார். “மச்சான் திருகுனதுல கொஞ்சம் பிசகு இருக்கு, அவுரு கிட்ட சொல்லாத” என்று அவரும் சத்தியம் வாங்கியிருக்கிறார். அவர் சனி மத்தியானம், நான் ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன். இரண்டு சத்தியத்தையும் சுமந்துகொண்டு, அவரவர் வேறு வேறு வேலை பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று அவள் இத்தனை நாள் பொறுத்திருக்கிறாள். “ஒருத்தரு சொல்லாதன்னீங்க, நானும் சொல்லல. இன்னொருத்தரு சொல்லாதன்னீங்க, அதையும் சொல்லல. இப்ப தண்ணி வந்தா எங்கள யாரு கேப்பா, அந்தத் திருகா?”

நகப்பூச்சு

மறுநாளே மூவருமாக மண்டபத்து மாடியில் நின்றோம். விடியலில் நான் பார்த்தபோது சரியாக இருந்தது மத்தியானத்தில் அவருக்கு ஏன் கெட்டது என்பது வெயில் ஏறியதும் கண்ணெதிரே தெரிந்தது. மற்ற மூன்று மூடியும் தடித்த பித்தளை. தாம்பாளம் மெல்லிசு. ஆஸ்பெஸ்டாஸ் அறை அடுப்பாகக் கொதித்ததும், அது பூரி மாதிரி மெல்ல உப்பி, தன்னோடு கம்பியையும் தூக்கிக்கொண்டது. காலையில் தானாகவே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். நான் திருகியதும் சரி, அவர் திருகியதும் சரி. இருவரும் சரியாகச் செய்ததால்தான் இத்தனை நாள் தப்பாக இருந்திருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தாம்பாளம் உப்பாமல் குறுக்கே ஒரு இரும்புப் பட்டையை வைத்து இறுக்கினோம். கூரைமேல் தென்னங்கீற்று போட்டோம். புதுச்சேரிக் கருவியை மாட்டிக் கடைசியாக ஒருமுறை திருக வேண்டும். “நீங்க திருகுங்க மச்சான்.” “இல்ல மாப்ள, உங்க கைதான் நெதானம்.” “அதெல்லாம் இல்ல, நீங்கதான் பெரியவங்க.” வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வளர்மதி எங்கள் நடுவில் புகுந்து, ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கி, கருவியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே தானே திருகினாள். முள் இறங்கி நின்றதும் கைப்பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சு பாட்டிலை எடுத்தாள். திருகு அசையாமலிருக்க எங்கள் கூட்டத்தில் நகப்பூச்சு தடவுவது உண்டு. அவள் தடவியது அதற்காக மட்டும் இல்லை. நாலு திருகின் தலையிலும் கெட்டியாகப் பூசி, ஊதிக் காயவைத்துவிட்டுத் திரும்பினாள். “இது என் கலரு. இதுல ஒரு கீறல் உழுந்திருந்தாலும் ரெண்டு பேரு வெரலையும் புடிச்சிப் பாப்பேன்.”

வாசற்படி

கார்த்திகையில் புயல் வந்தது. எதிர்பார்த்ததைவிடப் பெரிய காற்று. முதல் சுற்றிலேயே கரண்ட் போனது. விடிவதற்குள் செல்போனும் செத்துவிட்டது. கூரைமேல் போட்ட கீற்று பறந்திருக்கும், நிச்சயம். வெயிலே இல்லாததால் பரவாயில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். கைச்செட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனேன். என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். பித்தானை அழுத்தி என் அடையாளத்தைச் சொல்லி, சிதம்பரத்தைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். ரிப்பீட்டர் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. கபீர் பாயின் டப்பா, கோழிக் கூண்டுச் செட், ஆஸ்பத்திரி பேட்டரி என்று ஒவ்வொன்றாக நினைத்து, எல்லாவற்றையும் கும்பிட்டேன்.

பிறகு செல்வமணியின் குரல் வந்தது. வாத்தியார் குரல். அவசரமே இல்லாமல், முறைப்படி, தன் அடையாளத்தைச் சொல்லி, என் அடையாளத்தைச் சொல்லி, சிக்னல் எப்படி இருக்கிறது என்று விவரிக்க ஆரம்பித்தார். “மாப்ள, அதெல்லாம் அப்புறம், வளரு எங்க?” என்று கத்தினேன். செட் கைமாறுகிற சத்தம். மழை இரைச்சல். குழந்தையின் சிரிப்பு. தங்கையின் குரல் என் கையில் இருந்த அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து வந்தபோது அழுதுவிட்டேன். என் மனைவி அதைப் பார்க்காத மாதிரி ஜன்னலைச் சாத்தினாள். “அண்ணே, நாங்க நல்லா இருக்கோம். தண்ணி வாசப்படியோட நின்னுடுச்சி. அங்க மேல என் தாம்பாளம் நல்லா இருக்கா?”

மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் நேரடியாக இரண்டு வார்த்தை பேசிக்கொள்ள நடுவில் மூன்று மாடிக் கட்டடமும், ஒரு பித்தளைத் தாம்பாளமும், ஒரு பாட்டில் நகப்பூச்சும் தேவைப்பட்டன என்பதுதான் இந்த ரிப்பீட்டர் வேலையில் எனக்குக் குழப்பமில்லாமல் புரிந்த ஒரே விஷயம்.